நூற்றுப் பதினைந்து வோல்ட்

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சற்று முன்னால் சாந்தாமணி தன் புருஷனைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுப்பில் கேசரிக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தீயைக் காட்டிச் சத்தியம் பண்ணச் சொன்னாள். கேஸ் அடுப்புத் தீயில் பண்ணின சத்தியம் செல்லுமா என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்க வாயெடுத்தார். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளு. அவிய என்ன சொன்னாலும் 'ஆமாங்க'. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரப்படாது."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னாத்தான் ஆமாங்க. சரியாச் சொன்னா நீங்க சும்மாவே இருக்கலாம்."

நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. கோத்தகிரிக்கு வெளியே ஒரு சின்ன டீ ஃபேக்டரியை ஒட்டி, முன்பக்கம் எலக்ட்ரிக்கல் கடையும் பின்பக்கம் வீடுமாக இருக்கிறவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரே ஒரு வியாதிதான். யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் தொண்டையில் மீன் முள் சிக்கினது போல் ஆகிவிடும்; திருத்தினால்தான் மூச்சு வரும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் அதிலிருந்த பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இழவு வீட்டில், அழுகைக்கு நடுவில், செத்தவரின் வயசைத் திருத்தியிருக்கிறார்.

மகள் சுவாதிக்கு வந்த முதல் வரன் தொட்டபெட்டாவால் போயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா, தென்னிந்தியாவிலேயே உசரமான மலை தொட்டபெட்டாதான் என்று பெருமையாகச் சொன்னார். நம் ஊர் மலையைத்தானே புகழ்கிறார், விட்டுத் தொலைக்கலாமே? விடவில்லை. ஆனைமுடி என்று ஆரம்பித்து, அடிக்கணக்கு, மீட்டர்கணக்கு எல்லாம் சொல்லி முடித்தபோது பெரியப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரன் காப்பிக்கொட்டை விஷயத்தில் கெட்டது. அதை இங்கே விவரித்தால் அவருக்கு மறுபடியும் ஆவேசம் வரும், வேண்டாம்.

இது மூன்றாவது. இதில் சுவாதியின் மனசும் சேர்ந்திருந்தது. கோயம்புத்தூரில் அவளோடு வேலை பார்க்கிற சரத். இரு வீட்டாரும் ஜாதகம் பார்த்தாயிற்று. இன்றைக்கு அவன் அம்மா சுவாதியின் தலையில் பூ வைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் மலையே சரிந்தாலும் பேச்சு மாறாது. போன வாரம் சுவாதி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, சரத்தோட அப்பா கொஞ்சம் பேசற ஆளு. எனக்காக, இந்த ஒருவாட்டி மட்டும்" என்றாள். எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை அவள். அதை நினைத்து நாச்சிமுத்து, நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொண்டாவது இன்றைய பொழுதை ஓட்டிவிடுவது என்று முடிவு பண்ணினார்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. சரத் இறங்கினான். அவன் அம்மா மரகதம் பூக்கூடையோடு இறங்கினாள். அப்பா சென்னியப்பன் மட்டும் இறங்காமல், டிக்கியைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டார். பழத்தட்டுதான் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருக்க, ஒரு பழைய மரப்பெட்டி வந்தது.

சென்னியப்பன் திருப்பூர்ப் பக்கம் நூல் மில் நடத்தினவர். ஆள் நல்ல வாட்டசாட்டம், குரல் அதற்கும் மேல். மில்லை மூடின பிறகு அவருக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் பழைய பொம்மை ரயில். வருகிற வழியில் குன்னூரில் ஒரு துரை காலத்துப் பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காரை அங்கே திருப்பி, அரைநூற்றாண்டுக்கு மேல் பழசான அமெரிக்க ரயில் ஒன்றை மொத்தமாக வாங்கிவிட்டார். என்ஜின், பெட்டிகள், தண்டவாளம், டிரான்ஸ்பார்மர், விசில் கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து. ஓடாவிட்டால் இன்று சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், நாளைக்குக் கொண்டுவந்தால் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"உங்களுக்குக் கரண்ட்டு வேலை அத்துபடின்னு சரத் சொன்னானுங்க. அதான், பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு, டெஸ்ட் பண்ணின மாதிரியும் ஆச்சுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது.

கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டுத் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினார்கள். பெண்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். சென்னியப்பன் டிரான்ஸ்பார்மரைத் தூக்கித் தரையில் வைத்தார். அம்மிக்கல் கனம். முகப்பில் ஒரு பித்தளைத் தகடு. தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதென்று நினைத்துவிடுவார்களாம்.

நாச்சிமுத்துவும் தகட்டைப் பார்த்தார். நூற்றுப் பதினைந்து வோல்ட் என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்தார். அதில் வருவது இருநூற்று முப்பது. போட்டால் கருகிவிடும். அப்படியே திரும்பிச் சாந்தாமணியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டிரான்ஸ்பார்மரு ஏசியை டிசியா மாத்தி ரயிலுக்குக் குடுக்குமுங்க" என்றார் சென்னியப்பன்.

மாற்றாது. அந்தக் காலத்து அந்த ரயில் ஏசியில்தான் ஓடும். நாச்சிமுத்து ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

"இந்தச் சின்னப் பொட்டிதான் விசில் கன்ட்ரோலரு. இதை அமுக்கினா பாய்லர்ல ஆவி ஏறி விசில் ஊதும்."

பொம்மை ரயிலில் ஏது ஆவி! இரண்டாவது முறுக்கு. "ஆமாங்க."

"நம்ம ஊட்டி ரயிலும் லேசுப்பட்டதில்லைங்க. மேட்டுப்பாளையத்துல ஏறினா ஊட்டி வரைக்கும் பல்சக்கரத்துலயேதான் வருது."

அவர் இரண்டு முறுக்கை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினார். பதில் வரவில்லை, தலைதான் ஆடியது. மரகதம் அந்தப் பக்கம் உட்கார்ந்து அழகாக, "ஆமாங்க" என்றாள். சரத், "ஆமாம்ப்பா" என்றான். என்ன மரியாதையான குடும்பம் என்று நாச்சிமுத்து வியந்தார். அவர்களுக்கு முறுக்கே தேவைப்படவில்லை.

அமெரிக்க பிளக்கு என்றால் தட்டை முள், நம் ஊர் ஓட்டையில் நுழையாது, அது காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வயரைப் பிரித்துப் பார்த்தால், எந்தப் புண்ணியவானோ அதை வெட்டிவிட்டு உருண்டை முள் பிளக்கை மாட்டி வைத்திருக்கிறான். நாச்சிமுத்து மெதுவாக ஒரு அடி எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, கடையில வோல்டேஜைக் கொறைக்கற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மரு ஒண்ணு இருக்குதுங்க. வெளிநாட்டு மிக்ஸிக்குன்னு வெச்சிருக்கேன். அதுவழியாக் குடுத்தா..."

"டிரான்ஸ்பார்மருக்கு எதுக்குங்க இன்னொரு டிரான்ஸ்பார்மரு? மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளைத் தோழன் மாதிரியா?" என்று சென்னியப்பன் சிரித்தார். ஆனால் புருவம் ஏறிவிட்டது. சாந்தாமணிக்கு இருமல் வந்தது. வேண்டுமென்றே வரவழைக்கிற இருமல் எப்படியிருக்கும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

"ஆமாங்க, தேவையில்லைங்க" என்றார் நாச்சிமுத்து.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவர் வீடு கரண்ட் லைனின் கடைக்கோடி. பக்கத்து டீ ஃபேக்டரியில் சாயங்காலம் இலை வந்து இறங்கி, ராட்சத ஃபேன்களை ஓடவிட்டால் போதும். இங்கே பல்பு மின்மினிப் பூச்சியாகிவிடும், ஃபிரிட்ஜ் பிரசவ வலி கண்டது போல் முனகும். வோல்டேஜ் நூற்று இருபது, நூற்று முப்பதுக்கு வந்துவிடும். அதை எதிர்த்து அவர் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார். மின்வாரியத்துக்கு மனுமேல் மனு கொடுத்து, மேலதிகாரி எழுதிய பதிலையும் திருத்தித் திருப்பியனுப்பியிருக்கிறார். அந்தக் கேடுகெட்ட வோல்டேஜ் இன்றைக்கு உதவட்டுமே! அது வரும்வரை இழுத்தடித்தால் அமெரிக்க ரயில் தன் சொந்த ஊரில் ஓடுகிற மாதிரி ஓடும். யாரையும் திருத்தவும் வேண்டாம்.

"இப்ப வோல்டேஜ் சரியில்லைங்க. ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சா நல்லா வந்துருமுங்க" என்றார். ஆமாங்க போட்டது வேறு; தெரிந்தே தானாக ஒரு தப்பைச் சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு காது இரண்டும் சுட்டன.

"அதுவரைக்கும் மத்ததை டெஸ்ட் பண்ணிப் போடலாமுங்க" என்று அவரே தொடர்ந்தார்.

மீட்டரை எடுத்து வந்தார். டிரான்ஸ்பார்மரின் மூடியைக் கழற்றினார். உள்ளே செப்புக் கம்பிச் சுற்று, இன்றைக்குச் சுற்றி வைத்தது போல் வரிசை கலையாமல் இருந்தது. அவருக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. எத்தனை மோட்டார்களுக்குக் காயில் கட்டியிருக்கிறார், இப்படி ஒரு கை வேலையைப் பார்த்ததில்லை. இதையா புகைய விடுவது? வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தார், சரி. பாடியில் கரண்ட் கசியுமா என்று பார்த்தார், இல்லை. விசில் கன்ட்ரோலரைத் திறந்தார். நெம்புகோலுக்கு அடியிலிருந்த பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு. கடையின் விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் விட்டு மெல்ல இழுத்து இழுத்துத் துடைத்தார். சென்னியப்பன் அதைக் காட்டி ரேடியோ என்றார், நெம்புகோலை ஏரியல் என்றார், தகட்டை எஃகு என்றார். நாச்சிமுத்து எல்லாவற்றுக்கும் ஆமாங்க போட்டார். முறுக்குத் தட்டு காலியாகி, சுவாதி பண்ணினதாகச் சொல்லப்பட்ட கேசரி வந்தது.

ஃபேக்டரி ஃபேன்கள் உறும ஆரம்பித்தன. நாச்சிமுத்து ஆவலாக பல்பைப் பார்த்தார். பல்பு அசையவில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்தார். அது தவம் பண்ணுகிற மாதிரி அமைதியாக இருந்தது. மீட்டரை பிளக் பாயின்ட்டில் வைத்தார். இருநூற்று முப்பத்திரண்டு.

"அண்ணோவ்!" என்று வாசலில் குரல். லைன்மேன் தேவநேசன், கையில் ஹெல்மெட்டும் முகம் கொள்ளாத சிரிப்புமாக நின்றார். "உங்க மனு பலிச்சுப் போச்சுங்ணா! ஃபேக்டரிக்குன்னு தனி டிரான்ஸ்பார்மரு போட்டு இப்பத்தான் லைன் குடுத்துட்டு வாரேன். இனி உங்க ஊட்டுல இருநூத்தி முப்பதுக்கு ஒரு வோல்ட் கொறையாது. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லோணும்னு ஓடியாந்தேன்."

எத்தனை நாள் ஏங்கின சேதி! நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் கலங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு தேவநேசன் உள்ளே வந்து உட்கார்ந்து, சாந்தாமணி நீட்டிய கேசரியை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, நீங்க சொன்ன மாதிரியே ஃபேக்டரி ஓடினதும் வோல்டேஜ் சரியாயிருச்சு!" என்று சென்னியப்பன் தொடையைத் தட்டிவிட்டு பிளக்கை எடுத்தார்.

நாச்சிமுத்து, "ஒரு நிமிசமுங்க" என்று கடைப்பக்கம் ஓடி மெயினை அணைத்தார். கூடம் மங்கியது. திரும்பி வந்து, "கரண்ட் போச்சுங்க" என்றார், பரிதாபமாக.

கேசரியும் கையுமாக உட்கார்ந்திருந்த தேவநேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படிங்ணா போகும்? இப்பத்தானே நான் குடுத்துட்டு வாரேன்! பக்கத்து ஊட்டுல எரியுது பாருங்க!" தட்டை வைத்துவிட்டு விடுவிடுவென்று கடைக்குள் போனார். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. "மெயினு விழுந்திருக்குதுங்ணா. அதுக்குள்ள பயந்துட்டீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

பிளக் உள்ளே போய்விட்டது. இனி ஸ்விட்ச் ஒன்றுதான் பாக்கி. சென்னியப்பன் அதன்மேல் கையை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்துவிட்டார்.

"நல்ல காரியம், நம்ம ஊட்டுக்கு வார புள்ள கையால நடக்கட்டும். சுவாதி, வா கண்ணு. நீ போடு."

சுவாதி எழுந்து வந்தாள். பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்விட்சில் விரலை வைத்தாள்.

நாச்சிமுத்துவின் கண்முன் எல்லாம் ஓடியது. விரல் அழுந்தும். டிரான்ஸ்பார்மர் காட்டு வண்டு போல் ரீங்கரிக்கும். அரை நிமிஷத்தில் கருகல் வாடை, அப்புறம் புகை. பெண் கை பட்டதும் கருகிப் போச்சு என்பார்கள். இன்றைக்குச் சொல்ல மாட்டார்கள், பத்து வருஷம் கழித்துச் சொல்வார்கள். வீட்டில் எது உடைந்தாலும், எது கெட்டாலும், அன்றைக்கே தெரியும் அவள் ராசி என்பார்கள். வாய் திறந்தால் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் இந்தப் பேச்சு அவள் ஆயுசுக்கும் கூட வரும்.

"கையை எடு சாமி! போடாத!"

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் மரகதத்தின் மடியிலிருந்த தட்டு உருண்டது.

"அது நூத்திப் பதினஞ்சு வோல்ட்டு! நம்முளுது இருநூத்தி முப்பது! போட்டா பொகஞ்சு போயிரும்!" அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மதகு திறந்தபிறகு நிற்குமா? "அது டிசி குடுக்கற டிரான்ஸ்பார்மரு இல்லைங்க, ஏசி! விசில்ல ஆவியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நிலக்கரிப் பொட்டிக்குள்ள ஒரு சின்ன மோட்டாரு காத்தாடியச் சுத்தி ஊதுதுங்க! கன்ட்ரோலரை அமுக்கினா ஏசியோட துளி டிசி கலந்து போகும், அதுல அந்த மோட்டாரு முழிச்சுக்கும், அவ்வளவுதான்! பல்சக்கரம் ஊட்டி வரைக்கும் வரலைங்க, கல்லாருல இருந்து குன்னூரு வரைக்குந்தான்! அது ஏரியல் இல்லை! எஃகும் இல்லை, பித்தளை! கரண்ட்டு போகுலீங்க, நாந்தான் மெயினை அணைச்சேன்! அந்தக் கேசரியைப் பண்ணினது எம்பொண்ணு இல்லைங்க, எம்பொண்டாட்டி!"

"அதானே பாத்தேன், மெயினு தானா எப்படி விழும்" என்று தேவநேசன் நிம்மதியாகச் சொன்னார். சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். ஏழு மலைக்கு அந்தப் பக்கம் போன மாதிரி இருந்தது அவள் பார்வை. சென்னியப்பனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கடைக்குப் போய் ஸ்டெப்டவுனைத் தூக்கிவந்தார். எப்படியும் எல்லாம் போயிற்று, ரயிலாவது பிழைக்கட்டும். யார் முகத்தையும் பார்க்காமல் பிளக்கை மாற்றி மாட்டினார். கைப்பிடியை மெதுவாகத் திருப்பினார். என்ஜினின் முன்விளக்கு மஞ்சளாகக் கண் திறந்தது. ஒரு குலுக்கல். சக்கரங்கள் கடகடவென்று உருண்டு, ரயில் கூடத்துக்கு நடுவே வட்டம் போட ஆரம்பித்தது. அவர் விசில் கன்ட்ரோலரை எடுத்துச் சென்னியப்பனிடம் நீட்டினார். அவர் வாங்கி அழுத்தினார்.

ஊ... என்று ஒரு சத்தம் எழுந்தது. சளி பிடித்த ஆள் பாட்டிலில் ஊதினது போலிருந்தது. ஆனாலும் விசில்தான். யாரும் கை தட்டவில்லை.

சென்னியப்பன் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றிச் சுற்றி வந்தது.

"மரகதம், இந்த நூத்திப் பதினஞ்சு உனக்குத் தெரியுமா?"

மரகதம் முந்தானையை மடித்தாள். "குன்னூர்லயே பாத்தனுங்க. பெருசாத்தானே எழுதியிருக்குது."

"ஏன் சொல்லுல?"

"நீங்க சரியா இருக்குதுன்னு சொல்லிட்டீங்க."

"சரத், உனக்கு?"

"தெரியும்ப்பா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

சென்னியப்பன் மெதுவாகச் சுவாதி பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா கண்ணு?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா ஸ்விட்ச்சுல கை வெச்ச?"

"வெச்சேன். ஆனா போட்டிருக்க மாட்டேன். இது தப்பு மாமான்னு சொல்ல வாயைத் தொறந்தேன், அப்பா முந்திக்கிட்டாரு."

"நான் கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருந்தா?"

"அந்தப் பயம் இருந்துச்சு மாமா. ரொம்ப இருந்துச்சு." அவள் குரல் உடைந்தது. கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

நாச்சிமுத்து தன் மகளைப் பார்த்தார். இந்த வியாதி ரத்தத்தில் போயிருக்கிறது என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியாது. பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத பெருமையாகவும் இருந்தது.

"என்ற மில்லுல முந்நூறு பேருங்க" என்றார் சென்னியப்பன். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஆமாங்க தவிர வேற பேச்சு எங்காதுல விழுந்ததில்லை. ஊட்டுலயும் அப்படித்தான். எனக்கு எல்லாந் தெரியுமாக்கும்னு நானும் நெனச்சுட்டேன். அந்த மில்லு ஏன் முழுகிப் போச்சுன்னு எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியுது."

கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மரகதம், பூவை எடு. நம்ம ஊட்டுல இப்படி ஒருத்தராவது வேணும்."

மரகதம் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தாள். பூ அவள் கையில் இருந்தது.